விட்டுப்போன ஒரு ‘றான்’

“மேடம், நீங்க இடது கைக்காரங்களா?” என்று முன்வரிசையில் இருந்த பல் டாக்டரம்மா கேட்டபோதுதான் நான் என் கையைப் பார்த்தேன். வெள்ளைப் பலகையில் ‘திரைக்கதை எழுத வருகிறவர்கள் மறக்கக் கூடாத ஐந்து விஷயங்கள்’ என்று எழுதி முடித்திருந்தேன். எழுத்து குண்டு குண்டாக, அழகாக, இடப்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. என் எழுத்து அப்படி இருக்காது. கோழி கிளறின மாதிரி இருக்கும். மார்க்கர் என் இடது கையில் இருந்தது. நாற்பத்தொரு வருஷமாகச் சாப்பிடுவது, எழுதுவது, சண்டையில் விரலை நீட்டுவது எல்லாம் எனக்கு வலது கையில்தான். “ரெண்டும் வரும்” என்று சமாளித்துவிட்டு மார்க்கரைக் கை மாற்றி ‘1’ என்று போட்டுப் பார்த்தேன். கோடு கோணிக்கொண்டு போனது.

சனிக்கிழமை காலை வகுப்பு. மாடியில் ஒரு கூட்ட அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள், இருபத்திரண்டு பேர். ஒரே ஒரு கதை விற்றிருக்கிறேன், அதுவும் இன்னும் படப்பிடிப்பு ஆரம்பிக்கவில்லை, அதற்குள் என்னை வாத்தியாராக்கிவிட்டார்கள். நானும் வெட்கமில்லாமல் வந்து நின்றுவிட்டேன். காமிராவுக்குத் தெரிவதை மட்டும் எழுதுங்கள் என்றேன். ‘அவள் மனசு உடைந்துபோனது’ என்று எழுதாதீர்கள், மனசு உடைவதை எந்த லென்ஸ் காட்டும்? தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போகும்போது வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், நடுவில் ஒரு ஏப்பம் வந்தால் கிளைமாக்ஸ் காலி. அவர் போனை எடுத்தால் உடனே நிறுத்துங்கள். வைத்ததும் விட்ட இடத்துக்கு ஒரு வரி முன்னால் போய் ஆரம்பியுங்கள், அவருக்கு எதையோ தவறவிட்ட கூச்சம் வராது. எல்லாரும் சிரித்தார்கள், எழுதிக்கொண்டார்கள். நாலு விஷயம் இப்படியே ஓடியது. ஐந்தாவதை நான் சொல்வதற்குள் டாக்டரம்மாவே கேட்டுவிட்டார்.

“கதையில வேலை இல்லாத ஆளை எப்படி மேடம் கண்டுபிடிச்சு எடுக்கறது?”

“டீ குடிச்சிட்டு வந்து பேசலாம்” என்று வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், ஒரு கதை விற்றதுமே இவளுக்குக் கழண்டுவிட்டது என்பார்கள். சொல்லிக்கொள்ள ஆளும் இல்லை. இருந்த ஒரு ஆளைப் பற்றித்தான் இந்தப் பேச்சே.

எனக்கு ஒரு அண்ணன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோனால் வம்பு. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. இடது கைக்காரன். சட்டைப் பையில் எப்போதும் விரல் நீளத்துக்கு ஒரு திருப்புளி இருக்கும், அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் முடுக்குவான். கல்யாணம் ஆகவில்லை, எனக்கும் ஆகவில்லை, அம்மா இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவாள். அவனைப் ‘பெரிசு’ என்பாள், என்னைச் ‘சின்னது’ என்பாள். “பெரிசும் சரியில்ல, சின்னதும் சரியில்ல, நான் எங்க போய் முட்டிக்கிறது?” என்பது எங்கள் வீட்டில் தினமும் ஓடுகிற வசனம். அண்ணன் அதற்கெல்லாம் பதில் பேச மாட்டான். அவன் பேசுவதே அபூர்வம். சாயங்காலம் ஆறரைக்கு வருவான், இரண்டு கையிலும் பை இருப்பதால் வாசல் கதவைக் குதிகாலால் உதைத்துச் சாத்துவான். தொம் என்று ஒரு சத்தம், அப்புறம் தாழ்ப்பாள் தானாக விழுகிற க்ளிக். அம்மா உள்ளேயிருந்து “கதவை உடைடா” என்பாள்.

நான் பிறர் எழுதிய திரைக்கதைகளை டைப் அடித்துக் கொடுப்பவள். பதினெட்டு வருஷம். கையால் எழுதித் தருவார்கள், நான் ஒழுங்குபடுத்திக் கொடுப்பேன். எத்தனை குப்பைகளை டைப் அடித்திருக்கிறேன் என்று எனக்கும் என் விரல்களுக்கும்தான் தெரியும். இதைவிட நன்றாக நம்மால் எழுத முடியாதா என்ற கொழுப்பில்தான் நானே ஒன்று எழுதினேன். அப்பா விட்டுவிட்டுப் போன பிறகு ஓர் அம்மாவும் மகனும் மகளும் ஒரு வீட்டைக் காப்பாற்றிக்கொள்கிற கதை. எங்கள் கதைதான், வேறெங்கே போவேன்? பெயர்கூட வைக்கவில்லை. அம்மா, மகன், மகள் என்றே எழுதினேன். அதைத் தூக்கிக்கொண்டு பதினோரு அலுவலகம் ஏறி இறங்கினேன். சிலர் கொட்டாவி விட்டார்கள், ஒருவர் நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நகம் வெட்டினார். பன்னிரண்டாவது ஆள் முழுசாகக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, “கதை பிடிச்சிருக்கு” என்றார். எனக்குக் காதில் விழுந்ததை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. “ஆனா ஆள் ஜாஸ்தி. டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடுங்க” என்றும் சொன்னார்.

டாக்டர் என்றால் கதை டாக்டர். படுத்துவிட்ட கதைகளை எழுப்பிக் கொடுப்பவர் என்பதால் எல்லாரும் அப்படிக் கூப்பிடுவார்கள். அவர் அறையில் ஒரு மேஜை, ஒரு சிவப்புப் பென்சில், தட்டில் நமுத்துப்போன பிஸ்கட். என் நூற்றுச் சொச்சம் பக்கத்தையும் என் எதிரிலேயே படித்தார். இடையில் ஒரு தடவைகூட முகம் மாறவில்லை.

“இந்தப் பையன் என்ன பண்றான்?” என்றார் கடைசியில்.

“மகனா? அவன்… வீட்ல இருப்பான் சார்.”

“இருக்கறது ஒரு வேலையாம்மா? கதையை நகர்த்தறானா? யார்கூடயாவது மோதறானா? வீட்டை விக்க வேணாம்னு சண்டை போடறது மகள். ஆபீஸுக்கு அலையறது மகள். இவன் திருகாணி முடுக்கறான், குழாயைத் திருகறான், கதவைச் சாத்தறான். ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடு. அவன் பண்றதையெல்லாம் அவளே பண்ணட்டும். மகளுக்கும் கொஞ்சம் சதை பிடிக்கும்.”

முப்பத்தேழாவது காட்சி இருக்கிறதே சார் என்றேன். அந்தக் காட்சியில் ஒன்றும் நடக்காது. எங்கள் வீட்டு மர ஏணிக்கு ஒரு கால் குட்டை. ஒருத்தர் பிடித்துக்கொள்ளாமல் ஏறினால் மூன்றாவது படியில் ஆளைக் கவிழ்த்துவிடும். உடம்பு லேசு என்பதால் எப்போதும் நான்தான் ஏறுவேன், அவன் பிடித்துக்கொள்வான். சின்ன வயசிலிருந்து அப்படித்தான். காட்சியிலும் அவ்வளவுதான். மகள் ஏறுவாள், “பிடிச்சிருக்கியா?” என்பாள். மகன், “பிடிச்சிருக்கேன். கீழ பாக்காத” என்பான். பல்பு எரியும். முடிந்தது.

“இது கதைக்கு என்ன பண்ணுது?” என்றார்.

“ஒண்ணும் பண்ணல சார். எனக்குப் பிடிச்சிருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். பிறகு அந்தப் பக்கத்தில் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு இழுத்தார். “காட்சி நம்பரை மட்டும் மாத்தாத. அவங்க ஆபீஸ்ல நம்பர் வச்சு ஷெட்யூல் போட்டாச்சு. முப்பத்தேழுன்னு போட்டு, பக்கத்துல ‘நீக்கப்பட்டது’ன்னு எழுதிடு. அந்தப் பக்கம் காலியாவே இருக்கட்டும்.”

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். சொல்லாமல் செய்திருந்தால்கூட மனசு கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. அவன் என் கண்ணாடியைக் கழற்றி வாங்கித் திருகாணியை முடுக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தான். “உன்னைத் தூக்கிட்டேன்டா கதையிலேர்ந்து” என்றேன், கிண்டலாக. “கதை விக்குமா?” என்று மட்டும் கேட்டான். விக்கும் என்றேன். “அப்ப தூக்கிடு” என்று கண்ணாடியைத் துடைத்து என் மூக்கில் மாட்டிவிட்டான். எனக்காகப் பன்னிரண்டு அலுவலக வாசலிலும் காத்துக்கொண்டு நின்றவன் அவன். அந்தக் கண்ணாடி இன்றுவரை நழுவவில்லை.

மறுநாள் காலை வேலையை ஆரம்பித்தேன். கம்ப்யூட்டரில் ‘மகன்’ வருகிற இடத்திலெல்லாம் ‘மகள்’ போடு என்றேன். ஒரு எழுத்துதானே வித்தியாசம். ‘ன்’ போய் ‘ள்’ வந்தது. எந்திரம் ஒரு நொடியில் முடித்துவிட்டு எத்தனை இடம் என்று ஒரு கணக்கும் காட்டியது. ஆனால் நம் மொழி அவ்வளவு லேசில் விடாது. மகள் வருகிறான், மகள் நிற்கிறான், மகள் குழாயைத் திருகுகிறான் என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் அவன் உட்கார்ந்திருந்தான். வால்களை ஒவ்வொன்றாக நானேதான் வெட்ட வேண்டியிருந்தது. றான், றாள். றான், றாள். மூன்று நாள் வெட்டினேன். முப்பத்தேழாம் காட்சியில் ‘மகள் ஏறுகிறாள், மகள் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்’ என்று வந்து நின்றதைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அழித்து ‘நீக்கப்பட்டது’ என்று அடித்தேன். இதில் நான் செய்த மடத்தனம் என்னவென்றால், எல்லாவற்றையும் பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன். அடுத்தவர் எழுத்து என்றால் மூன்று பிரதி எடுத்து வைக்கிறவள் நான்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். இனி ஒரு வரியைக்கூட மாற்ற எனக்கு உரிமை கிடையாது என்று ஒன்பதாவது பத்தியில் இருந்தது. வாசித்துவிட்டுத்தான் போட்டேன். மறுநாள் காலை அம்மா மேஜையில் இரண்டு தட்டு வைத்தாள்.

அண்ணன் சீக்கிரம் கிளம்பிவிட்டான் போல என்று நினைத்தேன். அவன் கட்டில் மடக்கிச் சுவரோரம் இருந்தது. அதன் மேல் அம்மாவின் பழைய துணி மூட்டைகள், பல மாதமாக அங்கேயே இருப்பது மாதிரி தூசியோடு. “பெரிசு, டீ ஆறுது” என்று அம்மா கூப்பிட்டாள். நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். “உன்னைத்தான். காது கேக்கலியா?” என்றாள், என் முகத்தைப் பார்த்து.

“அண்ணன் எங்கம்மா?”

“எந்த அண்ணன்?”

“விளையாடாதம்மா.”

“உனக்கு எங்கேர்ந்துடி அண்ணன் வந்தான்? நான் பெத்தது ஒண்ணே ஒண்ணு. அதுவே என் உயிரை வாங்குது.” சொல்லிவிட்டு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் காது சிவந்துவிடும். அவள் காது சாதாரணமாகத்தான் இருந்தது. ஒன்றே ஒன்று இருந்தால் அதில் பெரிசு என்ன, சின்னது என்ன என்று கேட்க வாயெடுத்தேன், கேட்காமல் செருப்பை மாட்டினேன்.

ஓட்டமும் நடையுமாக அவன் கடைக்குப் போனேன். முதலாளி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, “வாம்மா வா! சினிமாக்காரி ஆனதும் கடையை மறந்துட்டியா? பத்து நாளா உன் டேபிள் சும்மா கெடக்கு” என்றார். பின்னறையில் அண்ணனின் மேஜை இருந்தது. அவன் மேலங்கி ஆணியில் தொங்கியது. எடுத்துப் பார்த்தேன், என் அளவு. “அந்த வாத்தியாரோட கண்ணாடி ரெண்டு நாளா காத்திருக்கு. கொஞ்சம் முடிச்சுக் குடுத்துடு” என்றார் முதலாளி. எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் இடது கை என் பையைத் திறந்து உள்ளே துழாவி, விரல் நீளத் திருப்புளியை எடுத்துவிட்டது. அதை நான் பையில் போடவில்லை, சத்தியமாகப் போடவில்லை. எள்ளளவு திருகாணி, அதைச் சட்டத்தின் துளையில் வைத்து மூன்று சுற்றில் முடுக்கினேன். கை நடுங்கக்கூட இல்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட பயமாக இருந்தது.

டாக்டருக்குப் போன் போட்டேன், பழைய பிரதியாவது இருக்குமே என்று. “பழசெல்லாம் கிழிச்சிடுவேம்மா” என்றார். “மகன் இருந்தானே சார், அவனைத் தூக்கச் சொன்னீங்களே?” “மகனா? நீ கொண்டுவந்தப்பவே அம்மா, மகள் ரெண்டே பேருதானே? ஒரே ஒரு காட்சியைத்தான் எடுக்கச் சொன்னேன். அது என்ன காட்சி, மறந்துபோச்சு. ரெஸ்ட் எடும்மா, மொத படம்னா எல்லாருக்கும் இப்படித்தான்.”

அதற்கப்புறம் நாட்கள் போயின. போயின என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நான் எட்டு வயதில் மதில் சுவரில் இருந்து அவன் விழுந்ததைக் கீழே நின்று பார்த்தவள். இப்போது மதிலின் மேலிருந்து பார்க்கிற மாதிரியும் ஞாபகம் வருகிறது, தரை எழும்பி வருகிறது, முழங்காலில் சுளீரென்று வலிக்கிறது. ஒரு நாள் குளிக்கும்போது பார்த்தேன், இடது முழங்காலில் பிறை மாதிரி பழைய தழும்பு. அம்மாவிடம் காட்டினால், “நீதான் மதில்லேர்ந்து விழுந்தியே, மறந்துட்டியா?” என்பாள். காட்டவில்லை. கீழே நின்று பார்த்த ஞாபகம் நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. அவன் முகத்தை நினைத்தால் கண்ணாடியில் பார்க்கிற என் முகம் வந்து நின்றது. முதல் பிரதியை எழுதியவள் நான் ஒருத்திதான், நானும் மறந்துவிட்டால் அவன் எங்கே இருப்பான்? அழுகை அழுகையாக வந்தது. அம்மா தலைவலி மாத்திரை கொடுத்தாள்.

ஒன்றே ஒன்று மட்டும் மாறவில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு வாசல் கதவு தொம் என்று சாத்திக்கொள்ளும். அப்புறம் க்ளிக். முதல் நாள் ஓடிப்போய்ப் பார்த்தேன், யாருமில்லை. அம்மா உள்ளேயிருந்து, “காத்து. கதவை உடைக்குது” என்றாள். வெளியே ஓர் இலைகூட அசையவில்லை. அதன் பிறகு நான் எழுந்து பார்ப்பதில்லை. ஆறேகாலுக்கே கையில் இருக்கிற வேலையை வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வேன். அந்த இரண்டு சத்தமும் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு சீராகும்.

படிக்கட்டில் உட்கார்ந்து டீ ஆறிப்போன பிறகு வகுப்புக்குள் போனேன். டாக்டரம்மா பேனாவோடு தயாராக இருந்தார். “கண்டுபிடிக்காதீங்கம்மா” என்றேன். “மேடம்?” என்றார். “எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னவங்க பேச்சையும் கேக்காதீங்க. யாரு எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்கன்னு நமக்கு என்ன தெரியும்?” இருபத்திரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. ஒருவர் மட்டும் அதையும் எழுதிக்கொண்டார். தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வீட்டில் அம்மா உள்ளறையில் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திருந்தாள். “பெரிசு, அந்தக் கூடத்து பல்பை மாத்திடு. எத்தன நாளா சொல்றேன், பட்டப்பகல்லயே தடுக்கி விழறேன்” என்று குரல் கொடுத்தாள். எங்கள் கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. பல்பு போய் மூன்று வாரமாகிறது. ஏணியை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

“ஏணியைப் பிடிக்க ஆள் வேணுமேம்மா.”

“என்னிக்குடி உனக்கு ஆள் பிடிச்சாங்க? எப்பவும் நீயா ஏறி நீயாத்தானே இறங்குவ?”

அது எப்படி முடியும்? ஒற்றைக் கால் குட்டையான ஏணி அது. குளியலறைக்குப் பின்னாலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்து கூடத்தின் நடுவில் நிறுத்தினேன். குட்டைக் கால் தரையைத் தொடாமல் நின்றது. கையால் தட்டினால் டக் டக் என்று ஆடியது. அப்போது போன் வந்தது.

தயாரிப்பு அலுவலகத்தில் பிழை திருத்துகிற பெண். நல்ல பெண், வேலையில் கறார். “மேடம், தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க. ஸ்கிரிப்ட் இப்ப பைண்டிங் போகுது. ஒரே ஒரு எழுத்துப் பிழை. அறுபத்திரண்டாவது காட்சி, சாயங்காலம். ‘மகள் வாசல் கதவைச் சாத்துகிறான்’னு இருக்கு. ‘சாத்துகிறாள்’னு மாத்திடறேன். சும்மா உங்க காதுல போட்டு வைக்கலாம்னுதான்.”

நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். சாத்துகிறான். முந்நூறு வாலையும் வெட்டியவள் ஒன்றை விட்டிருக்கிறேன். என் கண்ணுக்குத் தப்பிய அந்த ஒரு ‘ன்’னைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தினமும் ஆறரைக்கு வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான்.

“மாத்திட்டீங்களா?” என்றேன்.

“இல்ல, இப்பத்தான் மாத்தப் போறேன்.”

“வேணாம். அதைத் தொடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன், அதை அப்படியே விட்டுடுங்க.”

“ஐயோ மேடம், என்ன இது. ஒரு எழுத்துதானே? படிக்கறவங்க சிரிப்பாங்க. என்னைத்தான் திட்டுவாங்க.”

“திட்டட்டும். என் பேரைச் சொல்லுங்க. அது தப்பில்லம்மா. அங்க ஒருத்தன் இருக்கான்.”

அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள், “யாரு மேடம்?”

ஒரு மாதமாக யாரும் என்னை இந்தக் கேள்வி கேட்கவில்லை. அம்மா எந்த அண்ணன் என்றாள், டாக்டர் மகனா என்றார், யார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவன் முகம் வரவில்லை, உயரம் வரவில்லை, சட்டை நிறம் ஒன்றுகூட வரவில்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். பன்னிரண்டு அலுவலகத்தில் நின்று சொன்ன மாதிரி கதை சொல்வது. நான் கதை சொன்னால் உட்கார்ந்து சொல்ல மாட்டேன், எழுந்து நடித்துக் காட்டித்தான் சொல்வேன்.

“இருங்க, சொல்றேன். முப்பத்தேழாவது காட்சி.”

“முப்பத்தேழு நீக்கப்பட்டதுன்னு இருக்கு மேடம். வெறும் பக்கம்தான்.”

“ஆமா. அதான். கேளுங்க.” போனை ஸ்பீக்கரில் போட்டு அலமாரியில் வைத்தேன். புது பல்பை எடுத்துக்கொண்டேன். “உள். கூடம். பகல். ஜன்னல் இல்லாத கூடம், அதனால பாதி இருட்டு. நடுவுல ஒரு மர ஏணி. அதுக்கு ஒரு கால் குட்டை.”

“சரி மேடம்.” அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடுவது கேட்டது. பழக்கதோஷம் போல, டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

“மகள் ஏணியில் ஏறுகிறாள்.” முதல் படியில் கால் வைத்தேன். ஏணி டக் என்று சாய்ந்தது. “மகன், ‘ன்’ போட்டு எழுதுங்க, மகன் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.” இரண்டாவது படி. ஏணி ஆடியது. கீழே விழுந்தால் இந்த வயதில் இடுப்பு போய்விடும். மூன்றாவது படிக்குக் காலைத் தூக்கியபோது பக்கவாட்டில் ஏணி நகர்வது உள்ளங்காலில் தெரிந்தது. “மகள் கேட்கிறாள். பிடிச்சிருக்கியா?”

அவ்வளவுதான் சொன்னேன். அடுத்த வரி எனக்கு மறந்துபோயிருந்தது. நானே எழுதிய வரி, எத்தனையோ தடவை வீட்டில் கேட்ட வரி. கூடத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அலமாரியில் போன் மட்டும், டக டக டக என்று விசைகள். விசைகள் நின்றன.

“‘பிடிச்சிருக்கேன். கீழ பாக்காத.’ இதுதானே மேடம்? அவரு கொஞ்சம் மெதுவா சொல்றாரு, காதுல சரியா விழல.”

நான் மூன்றாவது படியில் நின்றிருந்தேன். ஏணி ஆடவில்லை. பல்பு வலது கையில் இருந்தது, வலது கையாலேயே திருகினேன், ஒரு சுற்று, இரண்டு சுற்று. உள்ளறையில் கட்டில் கிறீச்சிட்டது. “சின்னது, கூடத்துல யார் கூடடி பேசற?” என்று அம்மா கேட்டாள்.

பல்பு எரிந்தது. நான் கீழே பார்க்கவில்லை.